ஹட்டன் எங்கே முடிகிறது?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் பத்தாம் திகதி சம்பளம் விழுந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவையிலிருந்து எங்கள் பக்கத்துப் பெரிய டவுனான ஹட்டன் போகும் பஸ்ஸில் ஏறுவதே பெரும்பாடு. மிதிபலகையில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்தால் போதும். எங்கள் அம்மா அந்த நாளுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருப்பார். தாளில் எழுதியதில்லை, எல்லாம் மனக்கணக்கு. அடகில் இருக்கும் தோட்டுக்கு வட்டி கட்ட வேண்டும், தம்பிக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து, அப்பாவுக்குக் கம்பளிச் சட்டை, கோவில் திருவிழா வந்தால் சேலை. மா, சீனி, பருப்பு இந்தப் பட்டியலில் வராது; அவை தோட்டத்துக் கடையிலேயே கணக்கில் எழுதி வாங்குபவை. இருமல் மருந்தும் வராது, அதற்குப் பக்கத்துச் சிறு டவுனான நோர்வூட் போதும். அம்மாயிக்குக் கண்ணில் புரை என்று ஒபரேஷன் செய்யக் கண்டிக்குப் போனோம். சித்தி வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சி தேடிக் கொழும்புக்குப் போனார்.

எதற்கு எவ்வளவு தூரம் போவது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உயர்தர வகுப்பில் புவியியல் ஆசிரியர் கரும்பலகையில் அறுகோணங்களை வரைந்து ‘மைய இடக் கோட்பாடு’ என்று தலைப்பு எழுதிய அன்று, அம்மாவின் பட்டியலைத்தான் அவர் வரைகிறார் என்று எனக்குப் பட்டது.

வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியர் 1933இல் முன்வைத்த கோட்பாடு அது. தெற்கு ஜெர்மனியின் ஊர்களைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி எளிமையானது: சில ஊர்கள் பெரிதாகவும் பல ஊர்கள் சிறிதாகவும் இருப்பது ஏன், அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறதா? அவர் கண்ட விடை இரண்டு அளவுகளில் நிற்கிறது. ஒரு கடை நஷ்டமில்லாமல் நடக்கக் குறைந்தது இத்தனை பேர் வாங்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு பொருளுக்காக ஆள் அதிகபட்சம் இவ்வளவு தூரம்தான் வருவார் என்பது மற்றது. பாணுக்காக ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக மாட்டோம், ஆனால் அது தினமும் விற்பதால் நூறு குடும்பம் இருந்தாலே கடை ஓடும். நகைக்கடைக்கு நூறு குடும்பம் காணாது, அதற்கு ஒரு பள்ளத்தாக்கே வேண்டும். ஆகவே பாண் கடை எல்லா இடத்திலும், நகைக்கடை ஹட்டனில், கண் சத்திர சிகிச்சை கண்டியில். சிறிய ஊர்களின் மேல் நடுத்தர ஊர், அவற்றின் மேல் பெரிய ஊர் என்று படிகள் அமைகின்றன. ஒவ்வொரு ஊரின் எல்லையையும் வட்டமாக வரைந்தால் நடுவில் இடைவெளி விழும் என்பதால் அவர் அறுகோணமாக வரைந்தார்.

சரி, ஆனால் கிறிஸ்டாலர் தன் கணக்குக்குச் சமதரையை எடுத்துக்கொண்டார். எந்தப் பக்கம் போனாலும் ஒரே செலவு, ஒரே சிரமம். எங்கள் ஊரில் அது பொருந்தாது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வாசலில் நின்றால் எதிர் மலைத் தோட்டத்தில் விளக்கு எரிவது தெரியும், அங்கே கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டால் இங்கே கேட்கும். ஆனால் அந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கீழே ஆற்றுக்கு இறங்கிப் பாலத்தைத் தாண்டி மறுபடி ஏற வேண்டும். அல்லது பஸ்ஸில் டவுனுக்குப் போய் வேறு பஸ் மாற வேண்டும், அதில் அரை நாள் போய்விடும். மலையில் தூரத்தை ஏற்றமும் வளைவும் கடைசி பஸ்ஸின் நேரமும்தான் முடிவு செய்கின்றன. அதனால் இங்குள்ள ஊர்களின் எல்லையை வரைந்தால் அறுகோணம் கிடைக்காது. பள்ளத்தாக்கு போகும் வழியெல்லாம் கை நீட்டிக்கொண்டு, இஞ்சிக் கிழங்கு மாதிரி ஒரு வடிவம் கிடைக்கும். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட், நோர்வூட்டில் பாதை பிரிந்து ஒரு கிளை மஸ்கெலியாவுக்கு, மற்றது பொகவந்தலாவைக்கு. கோட்பாடு பிழை என்று இதற்கு அர்த்தமில்லை. படிகள் அப்படியே இருக்கின்றன, வடிவம்தான் மலைக்கு ஏற்ப வளைந்திருக்கிறது.

ஒரு நகரம் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் புவியியல் இரண்டு விடை சொல்லும். முதலாவது, அது உட்கார்ந்திருக்கும் மண்: சரிவா, சமதரையா, தண்ணீர் உண்டா, மண் உறுதியா. இதைத் தளம் என்கிறோம். இரண்டாவது, சுற்றியுள்ள இடங்களோடு அதற்குள்ள தொடர்பு: எந்தப் பாதைகள் அங்கே சந்திக்கின்றன, எதை அது எதோடு இணைக்கிறது. இதை அமைவு என்று வைத்துக்கொள்வோம். ஹட்டனின் தளம் நல்லதென்று சொல்ல முடியாது. நெருக்கமான சரிவு, நிறைய மழை, சமதரை என்று சொல்ல ஒரு மைதானமும் ரயில் நிலையமும்தான். ஆனால் அமைவு அபாரமானது. மகாவலிக்கும் களனி ஆற்றுக்கும் தண்ணீரைப் பிரிக்கும் மலைமுதுகுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. ஒரு பக்கம் கொட்டகலை, தலவாக்கலை என்று போகும் கொத்மலை ஓயாப் பக்கம். மறுபக்கம் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஓடும் பள்ளத்தாக்குகள். இரண்டு பக்கத்துத் தேயிலையும் வந்து சேரக்கூடிய கழுத்து மாதிரியான இடம். 1884இல் ரயில் பாதை ஹட்டனை எட்டியது. அதன் பிறகு டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் ஹட்டன்தான் வாசல். சிவனொளிபாதமலை சீசனில், மார்கழியிலிருந்து வைகாசி வரை, மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் யாத்திரிகர் ரயிலை விட்டு இங்கே இறங்குவதும் அதே காரணத்தால்தான்.

தளம் போனாலும் அமைவு மிச்சமிருந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும். இதற்கு மஸ்கெலியாவை விட நல்ல சாட்சி கிடையாது. 1960களின் கடைசியில் மவுசாக்கலை அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. மேட்டில் புது டவுன் எழும்பியது. சுற்றியிருந்த தோட்டங்கள் அங்கேயே இருந்தன, ஆட்களும் அங்கேயே இருந்தார்கள், கடை அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆகவே அதே பெயரில் அதே வேலையைப் புது ஊர் எடுத்துக்கொண்டது. மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்கு மேல் தலை காட்டும். சனம் குடும்பத்தோடு பார்க்கப் போவார்கள். வயசாளிகள் கையை நீட்டி, இது இன்னாருடைய கடை இருந்த இடம், இங்கேதான் பஸ் நிற்கும் என்று காட்டுவார்கள்.

இனி பின்னிலம் என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் மலையகத்தின் கதை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு நகரம் எந்தப் பரப்பிலிருந்து பொருளும் ஆளும் பணமும் பெறுகிறதோ, எந்தப் பரப்புக்குச் சேவை கொடுக்கிறதோ, அது அந்த நகரத்தின் பின்னிலம். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் நிலம் என்ற பொருளில் தொடங்கிய சொல் அது. எங்கள் விஷயத்தில் அந்தப் பழைய பொருளே நேராகப் பொருந்துகிறது. மலையகம் கொழும்புத் துறைமுகத்தின் பின்னிலமாகத்தான் வெட்டித் திருத்தப்பட்டது. முதலில் கோப்பி. கோப்பியை இறக்குவதற்காகவே கண்டிக்கு ரயில் போட்டார்கள், அது 1867இல் முடிந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பிக்கு இலைநோய் விழுந்தது. அடுத்த இருபது வருஷத்தில் மலைகள் தேயிலைக்கு மாறின. ரயில் நாவலப்பிட்டிக்கு 1874இலும், நானுஓயாவுக்கு 1885இலும், பண்டாரவளைக்கு 1894இலும், பதுளைக்கு 1924இலும் போய்ச் சேர்ந்தது. இந்த ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால் மலையக டவுன்களின் பிறப்புப் பதிவேடு மாதிரி இருக்கும். கண்டியும் பதுளையும் ராஜா காலத்து ஊர்கள், நுவரெலியா வெள்ளைக்காரர் ஓய்வெடுக்கக் கட்டிய ஊர். அவை தவிர, இந்தப் பாதையில் இருக்கும் பெரும்பாலான டவுன்களை ஒரு பயிரின் தேவைதான் வளர்த்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தோட்டம் தனக்குள்ளேயே கடை, மருந்து கொடுக்கும் அறை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, கோவில், சின்னப் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டது. அரிசியைக்கூடத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தது. கிறிஸ்டாலரின் ஏணியில் கீழ்ப்படிகள் எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருந்தன என்று இதைச் சொல்லலாம். மற்ற நாடுகளில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவே முளைத்த சந்தை ஊர்கள் இங்கே முளைக்கவில்லை, அல்லது முளைத்தும் வளரவில்லை. தோட்டத்தை விட்டால் நேரே டவுன்தான். அந்த டவுனில் கடை வைத்திருந்தவர்கள் வேறு, வீதியில் சாமான் வாங்கியவர்கள் வேறு. சம்பள நாளில் ஹட்டன் நிரம்பும், மாதக் கடைசியில் ஈயாடும். இன்றும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், கொழுந்து குறைந்த மாதத்தில் அவருடைய வியாபாரமும் இறங்கியிருக்கும்.

ஒரு நாட்டின் முதல் நகரம் இரண்டாவது நகரத்தை விடப் பல மடங்கு பெரிதாக இருந்தால், அதை முதன்மை நகரம் என்பார்கள். மார்க் ஜெபர்சன் என்ற அமெரிக்கர் 1939இல் கொடுத்த பெயர் அது. கொழும்பு அதற்கு நல்ல உதாரணம். தேயிலை போன வழியிலேயே இப்போது எங்கள் பிள்ளைகள் போகிறார்கள், புடவைக்கடைக்கும் ஹோட்டலுக்கும் வீட்டு வேலைக்கும்.

நகரத்தின் உள் வடிவத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாப் பாடப்புத்தகமும் சிக்காகோவில் தொடங்கும். 1925இல் ஏர்னஸ்ட் பர்ஜஸ் அந்த நகரத்தைப் பார்த்து, நடுவில் வியாபாரம், அதைச் சுற்றிப் பழைய குடியிருப்பு, அதற்கு வெளியே தொழிலாளர் வீடுகள், பிறகு வசதியானவர்கள் என்று வளையம் வளையமாக வரைந்தார். இதன் அடியில் இருப்பது நில விலை. நடுவில் இருக்கும் நிலத்துக்கு அதிகம் கொடுக்கக்கூடியவர் வியாபாரி, அவர் மற்றவர்களை வெளியே தள்ளுகிறார். ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை அறையை வாடகைக்கு எடுக்க முன்பணமாக என்ன கீப்பணம் கேட்கிறார்கள் என்று விசாரித்தால் இந்தப் பாதி உண்மை என்று தெரியும். மறுபாதி பொருந்தாது. பிரதான வீதியில் கடைகளுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு சமையலறை, ஒரு கழிவறை, ஒரு தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் சரிவு, சரிவில் தேயிலை. வளையம் போட இடமே இல்லை.

அந்தத் தேயிலை இயற்கையாக வந்த எல்லை என்று நினைக்கத் தோன்றும். சட்டம் போட்ட எல்லை அது. 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இலிருந்து அவற்றின் நிர்வாகம் குத்தகை முறையில் கம்பனிகளின் கைக்குப் போனது, நிலம் அரசின் பெயரிலேயே இருக்கிறது. ஆகவே டவுனுக்குப் பக்கத்துச் செடிக்காட்டை ஒரு கடைக்காரரோ ஆசிரியரோ விலை கொடுத்து வாங்க முடியாது. நில விலைக் கோட்பாடு வேலை செய்யச் சந்தை வேண்டும், இங்கே டவுனின் விளிம்பில் சந்தை நின்றுவிடுகிறது. அப்புறம் என்ன நடக்கும்? இருக்கும் துண்டு நிலத்தில் மேலே மேலே கட்டுவார்கள். வீதிப் பக்கம் பார்த்தால் இரண்டு மாடி, பின்பக்கம் பள்ளத்திலிருந்து எண்ணினால் ஐந்து மாடி. தூண்கள் சரிவில் நிற்கும். மாணிக்கப் பிள்ளையார் கோவில் மேட்டிலிருந்து பார்க்கும்போது டவுன் வாய்க்காலில் அடுக்கிய பெட்டிகள் மாதிரித் தெரியும். மல்லியப்பு சந்தியில் வாகனம் நகராமல் நிற்பதற்கும் இதுதான் வேர்க்காரணம், வீதி ஒன்றே ஒன்று. அதிலேயே பஸ், லொறி, ஆட்டோ, சனம், எல்லாம். வீதியை அகலமாக்கினால் தீரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் பேசுகிறார்கள். நிலத்தைத் தொடாமல் வீதியை மட்டும் தொட்டால் தீராது என்பது என் முடிவு. கண்டியிலும் நெரிசல்தான், ஆனால் அங்கே காரணம் வேறு: மலைகளும் மகாவலியும் சூழ்ந்த பள்ளத்தில், அரண்மனைக்கென்று அமைந்த தெருக்களில், ஒரு மாகாணத்தின் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரியும் காரியாலயங்களும் குவிந்திருக்கின்றன.

இனி மிகவும் அடிப்படையான கேள்வி. நகரம் என்று எதைச் சொல்கிறோம்? இலங்கையின் குடிசன மதிப்பீட்டில் விடை நிர்வாகத்தைச் சார்ந்தது: மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால் நகரம். 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் குடியிருக்கும் தோட்டம் என்றால் தோட்டத் துறை. மீதி எல்லாம் கிராமம். 1987க்கு முன்பு பட்டின சபை என்று மூன்றாவது வகை ஒன்றும் நகரத்தில் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டுச் சட்டத்தால் பட்டின சபைகள், கிராமப் பகுதிகளுக்கான பிரதேச சபைகளுக்குள் கரைந்தன. அந்தச் சிறு டவுன்கள் ஒரே நாளில் கணக்கில் கிராமமாகிவிட்டன. 1981இல் நாட்டின் நகரச் சனத்தொகை 21.5 வீதம், 2012இல் 18.2 வீதம். முப்பது வருஷத்தில் நகரம் சுருங்கியது என்று இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் நினைப்பார். கடைவீதிகள் நீண்டன, பஸ்கள் கூடின, வங்கிக் கிளைகள் வந்தன. மாறியது வரைவிலக்கணம்.

நுவரெலியா மாவட்டத்தில் மாநகர சபை ஒன்று, நுவரெலியா. நகர சபை இரண்டு: ஹட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை. 2012 கணக்கில் மாவட்டத்தில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர், அவர்களில் பாதிக்கு மேல் தோட்டத் துறை. தோட்டத் துறை என்ற இந்தப் பெட்டியைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். தோட்டத்தைக் கிராமத்தின் ஒரு வகையாகவே எல்லோரும் பார்க்கிறார்கள், பச்சையாக இருப்பதால். லூயிஸ் வேர்த் என்ற சமூகவியலாளர் 1938இல் நகர வாழ்க்கைக்கு மூன்று அடையாளம் சொன்னார்: எண்ணிக்கை, நெருக்கம், கலப்பு. கலப்பை ஒரு பக்கம் வையுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் முதுகோடு முதுகாக ஒட்டிய லயத்தில் இருக்கும் நெருக்கத்தைக் கொழும்பில் ‘தோட்டம்’ என்றே பெயர் பெற்ற குடிசைப் பகுதிகளில்தான் காணலாம். சொந்த வயல் கிடையாது, கூலிதான். வேலை மணியடித்துத் தொடங்கும், செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பெயர் விழும், நிறுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். இது தொழிற்சாலை வாழ்க்கை. கிராமத்தானுக்குக் காணி இருக்கும், நகரத்தானுக்குச் சபை இருக்கும். எங்கள் சனத்துக்கு இரண்டும் இல்லாமல் போனது.

சபை இல்லை என்று நான் சொல்வதை விளக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குள் பாதை, தண்ணீர் போன்றவற்றுக்குச் சபை தன் நிதியைச் செலவிடுவதற்கு அது தடையாக நின்றது. தோட்டத்து ஆட்கள் வாக்களித்து உறுப்பினரை அனுப்புவார்கள். அந்த உறுப்பினர் தன் சொந்த லயத்துக்கு முன்னால் ஒரு விளக்குப் போட நினைத்தாலும் சட்டம் இடம் கொடுக்காது. இந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலுக்காக அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதுச் சபைகளும் வந்தன. ஒரு கோட்டை வரைபடத்தில் நகர்த்துவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்தச் சட்டத்தை வாசிக்கச் சொல்வேன். தெருவிளக்கு எங்கே எரியும், குப்பை வண்டி எதுவரை வரும் என்பதை அந்தக் கோடுதான் தீர்மானித்தது.

முகவரியும் அப்படியே. டவுனில் ஒரு வீட்டுக்கு இலக்கமும் வீதிப் பெயரும் உண்டு. லயத்துக்குக் கடிதம் வந்தால் அது தோட்ட ஒபீசுக்குப் போகும், அங்கிருந்து யாராவது கொண்டு வந்தால் உண்டு. எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து நான்காவது நாள் கைக்குக் கிடைத்தது. கொண்டு வந்த பையன் மேல் பிழையில்லை. எங்கள் வாசலுக்கு என்று எழுத ஒரு முகவரி இருக்கவில்லை.

நிலம் சொந்தமில்லாத இடத்தில் எங்கே குடியிருப்பது என்பதும் நம் தெரிவாக இருக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது, போவதற்கு வேறு நிலம்தான் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு வந்த மழையிலும் மலைகள் இறங்கின. மண்சரிவு என்றதும் மழையையும் மண்ணையும் பற்றித்தான் பேசுகிறோம். யார் எந்தச் சரிவில், எந்த உரிமையோடு குடியிருக்கிறார்கள் என்பதும் தளத்தைப் பற்றிய கேள்விதான், பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக் கேள்வி.

இப்போது லயத்துக்குப் பதிலாகச் சிறு காணித் துண்டுகளில் தனி வீடுகள் வந்துகொண்டிருக்கின்றன. எங்கள் பிரிவுக்குக் கீழே, தோட்டப் பாதை பெரிய பாதையில் சேரும் முடக்கில், சில வருஷங்களுக்கு முன் ஒரு மதகும் மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டகையும்தான் இருந்தன. மேலே புது வீடுகள் வந்த பிறகு ஒருவர் தன் முன் அறையின் சுவரை உடைத்துக் கதவு வைத்து ரீலோட் போடத் தொடங்கினார். அடுத்தவர் தையல் மெசின் வைத்தார். கொழும்பில் சலூனில் வேலை செய்த பையன் திரும்பி வந்து பலகையில் ஒரு சலூன் கட்டினான். காலையில் பாண் ஆட்டோ இரண்டு தடவை நிற்கிறது, பின்னேரத்தில் கணித டியூசன், மூன்று ஆட்டோக்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டன. சபையின் பதிவில் அந்த முடக்குக்குப் பெயர் இல்லை. பஸ் கண்டக்டர்மார் மட்டும் ‘புதுக்கடை இறங்குங்க’ என்று கூப்பிடுகிறார்கள். போன மாதம் அம்மா தம்பி மகனின் சப்பாத்தை அங்கேயே வாங்கினார். அவருடைய பட்டியலில் ஹட்டனுக்கென்று இருந்த ஒரு வரி குறைந்துவிட்டது.